பத்தொன்பதுக்குப் பின்னால் ஓர் இரண்டு

போன வாரம் திவ்யாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அரியலூரில் நான் வேலை பார்த்த பிரெயில் அச்சகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அக்கா, புது ஊசிப்பெட்டி வந்துடுச்சுக்கா. பழைய கம்ப்யூட்டரையும் நிப்பாட்டப் போறாங்க. நீங்க வச்சிருந்த ப்ரோக்ராமை லேப்டாப்புக்கு மாத்தி எழுதிக்கிட்டு இருக்கேன். அதுல ஒரு வரி மட்டும் புரியல. பத்தொன்பது வந்தா, பின்னாடியே தனியா ஒரு ரெண்டு அடிக்குது. வேற எந்த எண்ணுக்கும் அப்படி இல்ல. தேவையில்லன்னா எடுத்துடட்டுமாக்கா?"

எடுத்துவிடு என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவும் செய்தேன். அவள் கேட்பதற்குள் அழித்துவிட்டேன். பிறகு, இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பி, அதையும் அழித்தேன். "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, "என்னக்கா, ஏதாச்சும் பெரிய விஷயமா?" என்று கேட்டிருந்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற மாதிரியான கட்டுரை இது. எனக்கு வயது முப்பத்து மூன்று. மகள் பிறந்தபின், அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பஸ்ஸில் போய்வர முடியாமல் வேலையை விட்டேன். விட்டது சரிதானா என்று இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது யோசிக்கிறேன். ஆனால் என்னோடு வேலை செய்த இயந்திரம் நிஜமாகவே ஓய்வு பெறுகிறது. அதன் சார்பில் எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம்.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் படித்துவிட்டு, அச்சகத்துக்கு நான் போனபோது என்னிடம் காட்டப்பட்டது தட்டச்சுப் பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கிய ஒரு பழைய எட்டு பிட் இயந்திரம். என்னைவிட மூத்தது. திரையாக ஒரு சிறிய டிவி. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பாதிரியார் கொடுத்துவிட்டுப் போனதாம். அதிலிருந்து கம்பிகள் ஓர் இரும்புப் பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள் ஆறு ஊசிகள். பொம்மை என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிரெயிலில் ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் ஆறு புள்ளிகள். இடது பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று. வலது பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. எங்கள் பெட்டியில் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு மதிப்பு உண்டு: 1, 2, 4, 8, 16, 32. எந்தெந்தப் புள்ளி வேண்டுமோ அவற்றின் மதிப்பைக் கூட்டி, கணினியின் நினைவகத்தில் 56577 என்ற அறைக்குள் போட வேண்டும். அதற்கு 'பேசிக்' என்ற கணினி மொழியில் 'போக்' என்று ஒரு கட்டளை. போக், அறை எண், காற்புள்ளி, போட வேண்டிய எண். அவ்வளவுதான். மற்ற அறைகளில் போட்ட எண் பேசாமல் அங்கேயே கிடக்கும். இந்த அறையில் போட்டால் கம்பி வழியே போய் ஊசியைத் தூக்கும். காகிதத்தில் புள்ளி எழும்பும். 'ம' வேண்டுமென்றால் 13. 'அ' என்றால் வெறும் 1. ஓர் அறையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு 'பீக்' என்று இன்னொரு கட்டளை.

கல்லூரியில் நான் படித்த மொழி எதுவும் நினைவகத்தை இப்படி நேராகத் தொட விட்டதில்லை. நடுவில் பத்து பேர் நின்று, என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். இங்கே கேட்க யாரும் இல்லை. தவறான அறையில் போட்டால் திட்டாது. அப்படியே உறைந்து நின்றுவிடும். எனக்கு அது பயமாக இருந்தது. முதல் வாரம் ஏதோ கணக்கில் குழம்பி 256 என்று போட்டேன். ஓர் அறையில் 255 வரைதான் கொள்ளும். 'இல்லீகல் குவான்டிட்டி' என்று திரையில் வந்தது. பதறிப்போய் ஸ்டெல்லா மேடத்திடம் படித்துக் காட்டினேன்.

"சட்டவிரோதமா? போலீசைக் கூப்புட்டுரலாமா சுபா?" என்றார்.

ஸ்டெல்லா மேடம் அச்சகத்தின் பொறுப்பாளர். வரதராசன்பேட்டைக்காரர், வரலாற்றில் எம்.ஏ., பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மெய்ப்புப் பார்ப்பதும் அவர்தான். உட்காரும் முன் கையைக் கழுவி, ஒரு பழைய வேட்டித் துணியில் ஈரம் போகத் துடைப்பார். வலது கை ஆள்காட்டி விரல் வரியைப் படிக்கும்; இடது கை அடுத்த வரியின் தொடக்கத்தில் போய்க் காத்திருக்கும். தவறு என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. "இந்தச் சொல்லு எனக்குப் பழக்கமில்லையே. உனக்குப் பழக்கமா?" என்பார். நான் அந்த வரியை முதலிலிருந்து ஒப்பிடத் தொடங்குவேன்.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. ப்ரோக்ராம் வழியே பக்கம் பக்கமாக அடிக்கும்போது அது தேவையில்லை. ஆனால் ஒரு புள்ளியைத் திருத்தவோ ஊசியைச் சோதிக்கவோ நேரே போக் போட வேண்டி வந்தால், அவர் வந்து ஊசிப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார். நான் எண்ணைச் சொல்ல வேண்டும்; அவர் புள்ளிகளைச் சொல்வார்.

"பத்தொன்பது."

"ஒன்னு, ரெண்டு, அஞ்சு. போடு."

அடிப்பேன்.

"சைபர்."

"விட்டுருச்சு."

அந்தப் பூஜ்யம்தான் முக்கியம். எண்ணைப் போட்டால் ஊசி மேலே எழும். பூஜ்யம் போடும் வரை இறங்காது. எழுந்து நின்ற ஊசியைத் தூக்கிப் பிடிக்கும் கம்பிச்சுருள் சூடாகிக் கருகிவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் பூஜ்யம் போடாமல் டீ குடிக்கப் போய்விட்டாராம். கருகிய வாடையை முதலில் பிடித்தது மேடம்தான். சுருள் வாங்கித் திருச்சியிலிருந்து மெக்கானிக் வந்து மாட்டும் வரை வேலை நின்றதாம். அதிலிருந்துதான் இந்தச் சொல்லும் எதிர்ச்சொல்லும்.

எனக்கு அது போதவில்லை. போக் போட்டபின் பீக் போட்டுப் பார்ப்பேன். பார்த்தபின் இன்னொரு முறை பார்ப்பேன். விசைகளின் சத்தத்தை வைத்தே மேடம் கண்டுபிடித்துவிடுவார்.

"அது உங்கிட்ட பொய் சொன்னதா ஏதாச்சும் வரலாறு இருக்காம்மா?"

"இல்ல மேடம். ஒரு சந்தேகத்துக்கு."

"சந்தேகம் ஒரு தடவை வந்தா வேலை. ரெண்டாவது தடவை வந்தா வியாதி" என்பார். ஆனால் பார்க்க வேண்டாம் என்று தடுத்ததில்லை.

இனி அந்த வரியின் கதைக்கு வருகிறேன், திவ்யா.

அப்போது என் வயிற்றில் ஐந்தாம் மாதம். "ரெண்டு பேரு வேலை பாக்குறீங்க, சம்பளம் ஒன்னுதான்" என்று மேடம் கிண்டல் செய்துகொண்டிருந்த நாட்கள். பள்ளிகளின் வினாத்தாள் வேலை குவிந்து கிடந்தது. ஒரு நாள் காலையில் ஆலத்தியூரிலிருந்து செல்வி வந்தாள். பார்வை இல்லாதவள், விடுதியில் தங்கி பிளஸ் டூ வரை பிரெயிலில் படித்தவள். கணவர் அங்கே சிமெண்ட் ஆலையில் லோடு ஏற்றும் வேலை, ஷிப்ட். மடியில் கைக்குழந்தை. குழந்தைக்கு வலிப்பு வந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, அன்று காலைதான் அனுப்பியிருந்தார்கள். நேரே எங்களிடம் வந்துவிட்டாள்.

"மருந்து குடுக்குறத அடிச்சுத் தரணும் மேடம். இன்னிக்குச் சாயங்காலத்துலேருந்து நான்தான் குடுக்கணும்" என்றாள்.

ஒரு சிரிஞ்சை எடுத்துக் காட்டினாள். அதன் தண்டில் நர்ஸ் பிளேடால் வரிசையாகக் கோடு கீறிக் கொடுத்திருந்தார். நகத்தை வைத்தால் கோடு தட்டுப்படும். முதலில் வேளைக்கு எட்டுக் கோடு. கொஞ்ச நாள் கழித்து ஏழு. அப்படியே படிப்படியாகக் குறைத்து ஐந்து, அதற்கப்புறம் இன்னும் கீழே.

"டக்குனு கொறைச்சுடக் கூடாதுன்னு டாக்டரம்மா நாலு தடவை சொன்னாங்க. கொறைச்சா திரும்ப வந்துடுமாம்."

"போன்ல பேசிப் பதிஞ்சு வச்சுக்கலாமே" என்று கேட்டேன்.

"வூட்டுல ஒரே போனு. அது அவரோட வேலைக்குப் போயிடும். அதுவும் போன்னா நிப்பாட்டி நிப்பாட்டிக் கேக்கணும் மேடம். தாளுன்னா நான் விரல் வச்ச எடத்துல அது நிக்கும்."

"மனப்பாடம்?" என்றார் மேடம்.

"நாலு ராத்திரி முழிச்சா எம்பேரே மறந்துடுது."

உடனே அடித்தேன். மேடம் படித்தார், எல்லாம் சரி. நானும் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, புள்ளிகளின் நிழலைப் பார்த்து ஒப்பிட்டேன். சரிதான். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் செல்வி அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தபடி தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்ப, பால் பட்ட ஈர விரலோடு. நான் வினாத்தாளுக்குத் திரும்பிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வாய்விட்டு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு. நாளைக்குக் காலையில அஞ்சு."

"எட்டு" என்றார் மேடம், தலையைத் திருப்பாமல்.

"அஞ்சுதான் மேடம் இருக்கு."

"எட்டும்மா. நான் படிச்சேன்."

"நான் இப்பப் படிக்கிறேன். அஞ்சுதான் இருக்கு."

மேடம் எழுந்து போய்த் தாளை வாங்கினார். வழக்கமாகக் கழுவும் கையைக்கூடக் கழுவவில்லை. விரல் அந்த இடத்தில் நின்றது. முன்னும் பின்னும் போயிற்று.

"சுபா, உங்கிட்ட என்ன இருக்கு?"

அடித்த பக்கத்தின் எண்கள் நினைவகத்தில் வரிசையாக இருக்கும். பீக் போட்டேன். 19. இன்னொரு முறை போட்டேன். 19.

"பத்தொன்பதுதான் மேடம்."

"தாள்ல பதினேழு" என்றார்.

பிரெயிலில் எட்டு என்பது ஒன்று, இரண்டு, ஐந்து ஆகிய புள்ளிகள். கூட்டினால் 19. ஐந்து என்பது ஒன்றும் ஐந்தும் மட்டும், 17. இரண்டாம் புள்ளி ஒன்று போனால் எட்டு ஐந்தாகிவிடும். எங்கள் தெரு வழியாகச் சுண்ணாம்புக்கல் லாரிகள் நாள் முழுக்கப் போகும். அந்தத் தூள் இரண்டாம் ஊசியின் குழலுக்குள் போய் அடைத்திருந்தது. ஊசி முழுதாக எழவில்லை. காய்ந்த கையோடு ஒரு முறை படித்த மேடத்தின் விரலுக்கு அந்தப் புள்ளி இருந்தது. ஈர விரல் பத்து முறை போனதும் படுத்துவிட்டது.

எழுத்தில் இப்படி ஒரு புள்ளி போனால் சொல் உளறிவிடும்; யாரும் கண்டுபிடித்துவிடலாம். எண்ணில் ஒரு புள்ளி போனால் இன்னோர் எண் வந்து அதே இடத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்ளும். அதிலும் இந்தத் தாளில் ஐந்து என்பதும் இருக்க வேண்டிய எண்தான். வீட்டுக்குப் போய் நான்கு நாள் கழித்துத் தேய்ந்திருந்தால், செல்வி ஐந்து கோடு மட்டும் கொடுத்திருப்பாள். டாக்டர் சொன்னபடிதான் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே. வயிற்றுக்குள் குழந்தை அசைந்தது நினைவிருக்கிறது. ஒருவேளை அதை நானாகப் பிறகு சேர்த்துக்கொண்டேனோ, தெரியவில்லை.

"எண்ணு வேண்டாம். எழுத்தால அடி. எட்டுன்னு எழுத்து எழுத்தா" என்றார் மேடம்.

செல்வி விடவில்லை. "எழுத்தும் தேயும்ல மேடம்?"

"தேயும். தேஞ்சா உனக்குத் தெரியும். எண்ணு தேஞ்சா தெரியாது."

"தெரிஞ்சு என்ன பண்ண? விடிகாலையில பாப்பா மருந்துக்கு அழுவுறப்ப, படிக்க முடியலன்னு நான் யாரைப் போய்க் கேக்குறது? அவரு ஷிப்ட்டுல இருப்பாரு. மாமியாளுக்குப் படிக்கத் தெரியாது."

தப்பாகப் படிப்பதைவிடப் படிக்க முடியாமல் போவது மேல் என்று மேடம் நினைத்தார். செல்விக்கு இரண்டுமே உதவாது. இரண்டு பேர் சொன்னதும் சரி என்று எனக்குப் பட்டது. அதுதான் என் பிரச்சினை. யார் பேசினாலும் அவர்கள் சொல்வது சரி என்று படும்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார். ஊசி மேலே நிற்கும் நேரத்தைக் கூட்டினால் என்ன என்று யோசித்தேன். அந்த நேரமும் ஓர் அறையில் கிடக்கும் எண்தான். கூட்டிப் போட்டு அடித்துப் பார்த்தேன். இரண்டாம் புள்ளி நன்றாக எழுந்தது. மற்ற ஐந்தும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓட்டையாக வந்தன. அந்த ஒரு எண் ஆறு ஊசிகளுக்கும் பொது. பழைய எண்ணையே திரும்பப் போட்டேன்.

அப்போதுதான் தோன்றியது. 19 போட்டு, பூஜ்யம் போட்டு, தாள் நகரும் முன் அதே இடத்தில் வெறும் 2 போட்டால்? இரண்டாம் ஊசி மட்டும் இன்னொரு முறை எழுந்து, அடித்த புள்ளியையே மறுபடி அடிக்கும். மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது. சொன்னேன். சொன்னவுடனே, "ஆனா சுருள் தாங்குமான்னு தெரியல மேடம். ஏற்கெனவே அடைச்சுக்கிட்டு இருக்கு. எரிஞ்சு போச்சுன்னா வினாத்தாள் மொத்தமும் நின்னுடும்" என்றும் சொன்னேன்.

மேடம் வாட்சின் மூடியைத் திறந்து, முள்ளைத் தடவி மணி பார்த்து, மூடினார்.

"வினாத்தாளுன்னா திருச்சிக்கு அனுப்பி அடிச்சு வாங்கலாம். ஏச்சு விழும், நான் வாங்கிக்கிறேன். இந்தப் புள்ளைக்குச் சாயங்காலம் மருந்து. வா, உக்காரு."

உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"பத்தொன்பது."

"ஒன்னு, ரெண்டு, அஞ்சு. போடு."

"சைபர்."

"விட்டுருச்சு."

"ரெண்டு."

"ரெண்டு. போடு."

"சைபர்."

பதில் வரவில்லை. நான் பூஜ்யத்தைத் தட்டியிருந்தேன், திரையில் தெரிந்தது. பீக் போடக் கை போனது. அதற்குள், "விட்டுருச்சு. கொஞ்சம் சோம்பேறித்தனமா எறங்குது. சூடு இல்ல. அடுத்தது" என்றார்.

ஒரு வரி எட்டுகளை அப்படியே கையால் அடித்தோம். செல்வியிடம் கொடுத்தேன். அவள் விரலை நாக்கில் நனைத்து, சேலையில் தேய்த்து, பால் பாட்டிலைப் பிடித்து, மறுபடி தாளைத் தடவினாள். கொடுமைப்படுத்தினாள் என்றே சொல்ல வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி இழுத்தாள். எங்களில் யாருக்கும் மெய்ப்பு அப்படிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

"எட்டு" என்றாள். "எட்டு. எட்டு. எல்லாம் எட்டு."

பிறகுதான் அந்த வரியை ப்ரோக்ராமில் சேர்த்தேன். 19 வந்தால் பின்னால் ஓர் இரண்டு. முழுத் தாளையும் அடித்தோம். மேடம் சொன்னபடி ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் எழுத்தாலும் அடித்தோம். செல்வி அதை மடிக்காமல் ஓர் அட்டைக்குள் வைத்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வரேன் மேடம்" என்றாள். லாரிகள் ஓடும் தெருவில் பஸ் ஏறும் வரை நான் கூடப் போனேன்.

அடுத்து வந்த வாரங்கள் எனக்கு நல்லபடியாகப் போகவில்லை. எட்டைத்தான் பார்த்தோம், ஏழிலும் அந்த இரண்டாம் புள்ளி உண்டே, ஆறிலும் உண்டே என்று வீட்டில் சோறு வடிக்கும்போது திடீரென்று தோன்றும். மறுநாள் மேடத்திடம் கேட்டால், "எழுத்தாலயும் அடிச்சிருக்கோம்ல. சோத்தைத் தின்னு" என்பார். மெக்கானிக் வந்து குழலைச் சுத்தம் செய்து கொடுத்தார். இரண்டாம் புள்ளி மற்றவற்றைப் போலவே எழுந்தது. இனி அந்த வரி தேவையில்லை. எடுத்துவிடலாம் என்று மேடமும் சொன்னார். நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். செல்வியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவளிடம் போன் இல்லாத நேரம்தான் அதிகம்.

நான் பிரசவ விடுப்பில் போவதற்கு முந்தைய வாரம் அவள் வந்தாள். இடுப்பில் குழந்தை, பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டு, மேடத்தின் வாட்சைப் பிடித்து இழுத்தது. மருந்து முழுவதும் குறைத்து நிறுத்தியாகிவிட்டது, வலிப்பு திரும்ப வரவில்லை என்றாள். பிறகு அந்த அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இதை நீங்களே வச்சுக்குங்க. வூட்டுல கெடந்தா, வேற யாராச்சும் எடுத்து இப்பவும் எட்டுன்னு குடுத்துடப் போறாங்க."

என்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேடம் கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்து படித்தார். பால் கறை, மருந்துக் கறை. எழுத்துகளெல்லாம் பாதி படுத்துவிட்டன. ஏழும் ஆறும் தடவித் தடவித்தான் தெரிந்தன என்றார். "எட்டு மட்டும் குத்துது" என்று விரலை எடுத்து உதறினார்.

இதுதான் அந்த வரி, திவ்யா. அது எதற்கு என்ற உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். எடுக்கலாமா என்பதை முடிவு செய்ய நான் சரியான ஆள் இல்லை. புதுப் பெட்டியில் ஆறு ஊசியும் புதியவை. சமமாக எழும் என்று நீ சொல்வாய். எழும்தான். அன்றைக்கு எங்கள் பெட்டி அடித்த தாளிலும், முதல் முறை படித்தபோது மேடத்தின் விரலுக்கு எல்லாம் சமமாகத்தான் இருந்தது. இப்போது என் மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும்போது, "அஞ்சு" என்று நான் சொல்லி, "அஞ்சு, ஊத்து" என்று வீட்டுக்காரர் சொன்னால்தான் எனக்குக் கை ஓடுகிறது. என்னைக் கேட்டால் எந்த வரியையும் எடுக்க விடமாட்டேன். அது நியாயமாகாது.

அதனால் நேற்று செல்விக்கே போன் போட்டேன். இப்போது அவளுக்கென்று தனிப் போன் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"எட்டும் அஞ்சும் கலந்து ஒரு தாள் அடிச்சு அனுப்பச் சொல்லுங்க மேடம். அந்த வரி இல்லாமயே அடிக்கட்டும். ஒரு வாரம் வச்சுத் தேய்ச்சுட்டுச் சொல்றேன்."

"பால் கையோட தேய்க்கணுமே செல்வி. பாப்பாதான் பெருசாயிடுச்சே."

"அவ இட்லிக்கு ஆலாப் பறக்குறா. மாவு கைன்னா பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன். தாளை அனுப்பிவிடு. அவள் சொல்லும் வரை அந்த வரி இருக்கட்டும்.